தகட்டின் கனத்தைக் கேட்கிறோம், இரும்புச் சட்டம் எதுவரை போகிறது என்று கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 15 முதல் 28 குதிரைத்திறன் வரையிலான சின்ன டிராக்டர்களில், பக்கெட்டால் அள்ளித் தூக்கும் முன்பக்க லோடர் மாட்டிக்கொள்வது சேலம் வட்டாரத்தில் சகஜமாகிவிட்டது. ஆத்தூர், வாழப்பாடி பக்கம் ஜவ்வரிசி ஆலைக் களத்தில் திப்பி அள்ளவும், ஓமலூர் பக்கம் குப்பைக்குழியிலிருந்து எரு ஏற்றவும், சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துப் பாதையில் சரிந்த மண்ணை ஒதுக்கவும் அது தோதான கருவி. ஜேசிபி திரும்ப முடியாத இடத்தில் நாலடி அகல டிராக்டர் திரும்பிவிடும். குறை கருவியில் இல்லை. அதை டிராக்டரோடு பிணைக்கும் இரும்புச் சட்டத்தில் இருக்கிறது. வாங்குகிறவர் பட்டறையில் கேட்கும் முதல் கேள்வி, 'தகடு எத்தனை எம்எம்?' பதினாறு என்றால் திருப்தியாகப் பணம் கொடுத்துவிட்டு வருகிறார். அந்தப் பதினாறு எம்எம் தகடு, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் நாலே போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். சட்டம் டிராக்டரின் எந்தெந்த இடத்தைப் பிடித்திருக்கிறது, பின்னால் எதுவரை போகிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. அதை விளக்கவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

லாரிக்கு இருப்பதுபோல டிராக்டருக்குச் சேஸ் கிடையாது. முன் அச்சைத் தாங்கும் வார்ப்பு பிராக்கெட், அதன் பின்னால் இன்ஜின், அடுத்து கிளட்ச் உட்கார்ந்திருக்கும் பெல் ஹவுசிங், கியர் பாக்ஸ், கடைசியில் பின் அச்சு ஹவுசிங் என்று வார்ப்பிரும்புப் பெட்டிகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டுக் கோத்ததுதான் அதன் முதுகெலும்பு. கலப்பையோ ரோட்டவேட்டரோ பின்னால் தொங்கும்போது பாரம் பின் அச்சு ஹவுசிங்கிலேயே இறங்கிவிடும். லோடர் மாட்டினால் கதை தலைகீழ். பாரம் நேராகப் போய்ச் சேரும் இடம் இன்ஜினும் பெல் ஹவுசிங்கும் சேரும் மூட்டு. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும். இழுவையையும் வளைவையும் தாங்காது, வளையாமல் உடையும். அதனால் லோடர் சட்டத்தின் வேலை பூமை, அதாவது பக்கெட்டைத் தாங்கும் கையை, தூக்கிப் பிடிப்பது மட்டுமல்ல. இந்த மூட்டுகளுக்கு வெளியே, இரு பக்கமும், டிராக்டருக்கு இல்லாத சேஸை அது போட்டுக் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிராக்டர் 900 கிலோ. சமதரையில் முன் அச்சில் 360, பின் அச்சில் 540. இரண்டு அச்சுக்கும் நடுவே 1.5 மீட்டர். லோடரின் சொந்த எடை 220 கிலோ, அதன் பாரமையம் முன் அச்சுக்கு 40 செ.மீ. முன்னால். பக்கெட் 0.15 கன மீட்டர். அதில் உலர்ந்த தொழு உரம் அள்ளினால் 90 கிலோதான் வரும். மழையில் நனைந்த செம்மண் என்றால் அதே பக்கெட் 250 கிலோவைத் தொடும். 'ஒரு பக்கெட்' என்பது எடைக் கணக்கே அல்ல. அந்த 250 கிலோ முன் அச்சிலிருந்து 1.1 மீட்டர் முன்னால் நிற்கிறது. நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சில் இப்போது 1,072 கிலோ. பின் அச்சில் மிஞ்சுவது 298. டிராக்டரும் லோடரும் மண்ணும் சேர்ந்து 1,370 கிலோ இருக்க, நாலில் ஒரு பங்குகூடப் பின் சக்கரத்தில் இல்லை. முன் அச்சுக்கு மூன்று மடங்கு பாரம். முன் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் தாங்குதிறனை ஒருமுறை படித்துப் பார்த்தால் லோடர் வாங்கும் ஆசையே சிலருக்குக் குறையும்.

இனி தூண். பூம் மாட்டியிருக்கும் தூண் முன் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று கொள்வோம். அங்கிருந்து மண் 1.7 மீட்டர் தள்ளி, லோடரின் பாரமையம் 1 மீட்டர் தள்ளி. 250-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 425, அதோடு 220 சேர்த்தால் 645. அதாவது ஒரு மீட்டர் நீளக் கடப்பாரையின் நுனியில் 645 கிலோ தொங்கினால் அடியில் என்ன திருகு விழுமோ அது. இரண்டு தூணும் பாதிப்பாதி பங்கிட்டுக்கொள்ளும், டிராக்டர் அசையாமல் நிற்கும்வரை. பக்கெட் நிறைய மண்ணோடு ஒரு குழியில் இறங்கி ஏறினால் அது இரட்டிப்பாகும். ஆகவே ஒவ்வொரு தூணும் தனியாக 645-ஐத் தாங்கும்படி கட்டுவதுதான் முறை.

இது எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தூக்கும்போது சிலிண்டர் தூணின் அடியைப் பின்னோக்கி அமுக்கும். மேலே பூமைத் தூணோடு கோக்கும் பின் (pin) தூணின் தலையை முன்னோக்கி இழுக்கும். தூண் முன்னால் சாயப் பார்க்கும். பெல் ஹவுசிங் தகட்டின் முன்பக்க போல்ட்டுகள் கீழ்நோக்கியும் பின்பக்க போல்ட்டுகள் மேல்நோக்கியும் அறுபடும். முன்ஜோடிக்கும் பின்ஜோடிக்கும் இடையே 30 செ.மீ. என்றால் ஒவ்வொரு ஜோடியிலும் விழுவது 2,150 கிலோ. எம்12 அளவு (12 எம்எம் குறுக்களவு), 8.8 வலிமைத் தர போல்ட்டைச் சரியாக முறுக்கினால் அதன் பிடி சுமார் 3.7 டன்; உராய்வு 0.15 என்று வைத்தால் ஒரு போல்ட் நழுவாமல் தாங்குவது 550 கிலோ. ஜோடிக்கு 1,100. பாதிதான். மீதிப் பாதிக்குத் தகடு நழுவி, போல்ட்டின் உடம்பில் போய் முட்டி நிற்கும். அடுத்து மண் குவியலில் பக்கெட்டைக் குத்தும்போது விசை திசை மாறி எதிர்ப்பக்கம் நழுவும். இப்படி முன்னும் பின்னுமாக ஆடி ஆடித்தான் ஓட்டை முட்டை வடிவமாகிறது, போல்ட் கழுத்தில் அறுகிறது. எம்16 போட்டால் ஜோடிக்கு 2,000 கிலோவுக்குச் சற்று மேல் வரும். அப்போதும் கணக்கு விளிம்பிலேயே நிற்கும்.

10.9 தர போல்ட் மாட்டிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். 8.8-க்கு உரிய முறுக்கத்திலேயே 10.9-ஐ முறுக்கினால் பிடி அதேதான். காசு மட்டும் கூடுதல். கூடுதலாக முறுக்கலாம் என்றால், எதிரே இருக்கும் மரை வார்ப்பிரும்பில் வெட்டியது, அது முதலில் உரியும்.

வழி வேறு. நெம்புகோலை நீட்ட வேண்டும். அதே சட்டத்தை முன்னால் அச்சு பிராக்கெட் வரையும் பின்னால் பின் அச்சு ஹவுசிங் வரையும் கொண்டுபோனால் இரு முனைக்கும் இடையே 1.2 மீட்டர் கிடைக்கும். 2,150 கிலோ 540-க்கு இறங்கிவிடும். பெல் ஹவுசிங் போல்ட் அப்போது நடுவில் தாங்கிப் பிடிக்கிற வேலையை மட்டும் செய்யும். சட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு விறைப்பு என்பதைப் பொறுத்துப் பங்கு கொஞ்சம் மாறும். ஆனால் போக்கு இதுதான். 50-க்கு 50, 5 எம்எம் சதுரக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. பக்கத்துக்கு 70 செ.மீ. போட்டால், இரு முனைத் தகடுகளையும் சேர்த்து 15 கிலோ இரும்புக்குள் பின்பக்க சப்போர்ட் முடிந்துவிடும். இந்தப் பதினைந்து கிலோவைத்தான் நம் ஊரில் மிச்சம் பிடிக்கிறார்கள். பெல் ஹவுசிங் தகடு 12 எம்எம் கனத்தில் 40-க்கு 35 செ.மீ. என்றால் ஒன்று 13 கிலோ. அதைப் பதினாறாக்குவதற்காகப் பக்கத்துக்கு நாலரை கிலோ கூட்டுவார்கள். அந்தத் தகடோ போகாத இடத்துக்குப் போகப் போவதில்லை.

பின்பக்க சப்போர்ட்டை எங்கே மாட்டுவது? பின் அச்சு ஹவுசிங்கின் அடியில் அல்லது பக்கவாட்டில் ஆலையிலேயே போட்டுவிட்ட மரை ஓட்டைகள் இருந்தால் அதில். இல்லையென்றால் அச்சுக் குழாயைச் சுற்றி யு-போல்ட் போட்டு, அடியில் வளைவுக்கு ஏற்பச் செதுக்கிய சேணம் வைத்து. கீழ் லிங்க் மாட்டும் பின்னில் தொங்கவிடக் கூடாது. கலப்பை இழுக்கும் ஆட்டமெல்லாம் சட்டத்துக்கு வந்துவிடும். ஓட்டுநரின் தலைக்கு மேல் இருக்கும் கவிழ் பாதுகாப்பு வளைவின் போல்ட்டிலும் பங்கு போடக் கூடாது. டிராக்டர் கவிழும் நேரத்தில் உயிர் காக்க வேண்டிய போல்ட் அது.

மாட்டும் வேலையில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. முதலாவது, பெயின்ட். தகட்டுக்கும் வார்ப்புக்கும் நடுவே பெயின்ட் இருந்தால் நாலு நாளில் அது நசுங்கி, முறுக்கம் போய்விடும். மேலே சொன்ன உராய்வுக் கணக்கும் பொய்யாகும். இரு முகத்தையும் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு மாட்ட வேண்டும். துருப் பிடிக்கும் என்ற பயம் இருந்தால் மாட்டியபிறகு ஓரத்தில் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, குழாய்த் துண்டு. ஹவுசிங்கின் பக்கவாட்டு முகம் ஒரே மட்டத்தில் இருக்காது. தகடு ஓரிடத்தில் தொட்டு இன்னோரிடத்தில் 20 எம்எம் விலகி நிற்கும். அந்த இடைவெளியில் ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு குழாய்த் துண்டைச் செருகி முறுக்கிவிடுகிறார்கள். போல்ட் அங்கே தாங்கல் இல்லாத கம்பியாக நீட்டிக்கொண்டு வளையும். சரியான முறை, மொத்த ஜோடிக்கும் சேர்த்து ஒரே கட்டி இரும்புத் துண்டைக் கடைந்து அல்லது அரைத்து வைப்பது. கட்டியையும் தகட்டோடு சேர்த்து வெல்டு செய்துவிட்டால் இன்னும் நல்லது. தகடு உட்காரும் இடமும் ஆலையில் கடைந்த முகமாக இருக்க வேண்டும். வார்ப்பின் கரடுமுரடான தோலில் உட்கார்ந்தால் மூன்று புள்ளியில்தான் தொடும்.

மூன்றாவது, போல்ட்டின் நீளம். பழைய போல்ட்டைக் கழற்றி, 12 எம்எம் தகடு கூடியிருக்கிறதே என்று கடையில் கிடைத்த அடுத்த நீளத்தைப் போடுகிறார்கள். வார்ப்பிரும்பில் மரைக்குள் போல்ட்டின் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்காவது இறங்க வேண்டும். எம்14 என்றால் 21 எம்எம். குறைந்தால் மரை உரியும். கூடினால் போல்ட் ஓட்டையின் அடியில் முட்டும். முறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லிவிடும், ஆனால் தகடு இறுகியிருக்காது, இன்னும் அழுத்தினால் வார்ப்பு அடியில் விண்டுவிடும். ஒரு ஈர்க்குச்சியை ஓட்டையில் விட்டு ஆழத்தை அளந்து, தகட்டுக் கனமும் வாஷரும் கூட்டி, அடியில் 3 எம்எம் மிச்சம் வைத்து வாங்க வேண்டும். ஈர்க்குச்சிக்குச் செலவில்லை.

போல்ட் ஓட்டையை கேஸ் கட்டிங்கில் போடுவதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? எம்16-க்கு 17 எம்எம் டிரில் வேண்டும், அவ்வளவுதான்.

முறுக்கும் வரிசைக்கும் அர்த்தம் உண்டு. டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, எல்லா போல்ட்டையும் கையால் திருகி வைக்க வேண்டும். பிறகு பெல் ஹவுசிங், அடுத்து முன் பிராக்கெட், கடைசியாகத்தான் பின்பக்க சப்போர்ட். கடைசி முனையில் ஒரு எம்எம்முக்கு மேல் இடைவெளி நின்றால் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்து நிரப்ப வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்தால் டிராக்டர் பாரம் தூக்கும் முன்பே வளைந்து நிற்கும். உலர்ந்த மரைக்கு 8.8 தரத்தில் எம்12 என்றால் 80 நியூட்டன் மீட்டர், எம்14 என்றால் 130, எம்16 என்றால் 200 என்ற அளவு பொதுவானது. டிராக்டர் கையேட்டில் அந்த ஓட்டைக்கு வேறு எண் இருந்தால் கையேடே சரி. டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் எம்16-ஐ ஒரு மீட்டர் குழாய் செருகி நுனியில் 20 கிலோ இழுவையில் நிறுத்தலாம். ஸ்பிரிங் வாஷரை நம்ப வேண்டாம். கனமான, கெட்டிப்படுத்திய தட்டை வாஷர் போதும். முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் ஒருமுறை, 10 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 50 மணிக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். போல்ட் தலையிலிருந்து தகட்டுக்கு ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், கோடு பிரிந்த அன்று காலையிலேயே தெரிந்துவிடும்.

இரும்பு விஷயத்தில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சேலத்து இரும்பு என்றதும் உருக்காலை நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நம் சேலம் உருக்காலை பெயர் பெற்றது துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுக்கு. லோடர் சட்டத்துக்கு அது தேவையில்லை. ஐஎஸ் 2062 என்ற இந்தியத் தரநிலையில் இ250 தரச் சாதாரணத் தகடு போதும். தூணுக்கு மட்டும் இ350 கிடைத்தால் போடலாம். இன்னதென்று தெரியாத பழைய லாரிப் பட்டையை வெட்டிப் போடுவது ஆபத்து. கரி அதிகமான இரும்பு வெல்டு ஓரத்தில் கண்ணாடிபோல விண்டுவிடும்.

வெல்டிங்குக்கு 6013 ராடு சுலபமாகப் பற்றும், அழகாக விழும், கேட்டுக்கும் கிரில்லுக்கும் தங்கமான ராடு. தூணின் அடி, பின் (pin) மாட்டும் புஷ், குறுக்குக் குழாய் ஆகியவற்றுக்கு 7018 வேண்டும். அது ஈரம் குடிக்கும் ராடு. ஏற்காட்டுப் பனியில் திறந்த பாக்கெட்டை இரண்டு நாள் வைத்துவிட்டு எடுத்துப் போட்டால், அதிலிருக்கும் ஈரம் வெல்டுக்குள் போய் மறுநாள் விரிசலாக வெளியே வரும். 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்துச் சூடாகவே எடுத்துப் போட வேண்டும். 12 எம்எம் தகட்டுக்கு இரு பக்கமும் 8 எம்எம் கால் உள்ள வெல்டு போதும். ராடு மாற்றும் இடம் மூலையில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலையைச் சுற்றி ஒரே ஓட்டத்தில் போய்விட வேண்டும். வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் ஒரு பொட்டு வெல்டுகூட வைக்கக் கூடாது. டிராக்டரில் மாட்டிய நிலையிலேயே டாக் (தற்காலிகப் பொட்டு வெல்டு) வைப்பதானால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டு விழும் துண்டிலேயே பிடிக்க வேண்டும். பின் அச்சில் கிளாம்பைப் பிடித்து முன்னால் வெல்டு செய்தால் கரண்ட் பேரிங்குகளின் வழியாகத்தான் ஓடும்.

தூணின் அடியில் பலப்படுத்த முக்கோணத் தகடு (கஸட்) வைப்பது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் கஸட் சட்டென்று முடியும் நுனியில்தான் விரிசல் பிறக்கிறது. தூண் முன்னால் சாயப் பார்க்கும் என்று சொன்னோம் அல்லவா, ஆகவே இழுவை விழுவது தூணின் பின்முகத்தில். அந்த முகத்துக்குக் குறுக்கே ஒரு வெல்டுக் கோடு போட்டால், அங்கே கிழித்துக்கொள் என்று நாமே கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. கஸட்டின் நுனியைச் சரிவாகச் சீவி, மெல்லியதாக முடிக்க வேண்டும். வெல்டைக் கிரைண்டரால் வழவழப்பாக்க வேண்டும். பட்டையைப் பின்முகத்தில் ஒட்டி பலப்படுத்துவதைவிடப் பக்கவாட்டில் வைப்பது மேல்.

விரிசலைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். தூணின் அடியைக் கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெயோ டீசலோ தடவிக் கால் மணி நேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக் கட்டிப் பொடியைத் தூவினால், விண்ட இடத்தில் மயிரிழை போல ஒரு ஈரக் கோடு வெள்ளையில் கருத்துத் தெரியும். தொடக்கத்தில் வெறும் 10 எம்எம் நீளம்தான் இருக்கும். பார்த்தவுடன் மேலே இன்னொரு ராடு ஓட்டி மூடுவது வழக்கம். உள்ளே விரிசல் அப்படியே இருக்கும். இரு முனையையும் 6 எம்எம் டிரில்லால் துளைத்து நிறுத்தி, நடுவை முழுவதும் கிரைண்டரில் தோண்டி எடுத்துவிட்டு, அடியிலிருந்து நிரப்ப வேண்டும். இரண்டாவது முறையும் அதே இடத்தில் விண்டால் குறை வெல்டில் இல்லை. சட்டத்தின் வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும்.

டிராக்டரின் முதுகெலும்பு வாங்கும் அடிக்கும் அறிகுறிகள் உண்டு. முன் அச்சு பிராக்கெட்டை இன்ஜினோடு சேர்க்கும் போல்ட்டுகள் அடிக்கடி தளர்வது, பானெட்டின் மூடு இடைவெளி ஒரு பக்கம் அகலமாவது, ரேடியேட்டர் கூடு ஃபேனை உரசுவது, பெல் ஹவுசிங் மூட்டில் எண்ணெய் கசிவது. கடைசியாகச் சொன்னது கிராங்க் ஆயில் சீல் போனாலும் வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. முதலில் சொன்ன இரண்டும் சேர்ந்து வந்தால் லோடரைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

இடதும் வலதும் தனித்தனி சட்டமாக நிற்பது இன்னொரு குறை. பக்கெட்டின் ஒரு மூலை மட்டும் வேரிலோ பாறையிலோ சிக்கினால் முழு விசையும் ஒரு தூணுக்கே போகும். இரண்டையும் இணைக்க இன்ஜினுக்கு அடியில் ஒரு குறுக்குக் குழாய் வேண்டும். 80-க்கு 80, 6 எம்எம் சதுரக் குழாய் போதும். ஆனால் ஆயில் சம்பைக் கழற்றவும், நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்டை எடுக்கவும் வழியில்லாமல் போய்விடும் என்பதால் இரு முனையும் ஃபிளாஞ்ச் போல்ட்டாக இருக்க வேண்டும். முன் அச்சின் அடிமட்டத்துக்குக் கீழே அது தொங்கக் கூடாது. மலைத்தோட்டத்தில் கல் இடிக்கும் முதல் இடம் அதுவாகிவிடும்.

மாட்டி முடித்ததும் ஒரு முன் சக்கரத்தை ஜாக்கில் அச்சு தடுப்பில் முட்டும்வரை தூக்கி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, டயருக்கும் சட்டத்துக்கும் 5 செ.மீ. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மறுபக்கம். சமதரையில் ஒடித்துப் பார்த்துவிட்டு அனுப்பும் வண்டி முதல் வரப்பிலேயே டயரைக் கிழித்துக்கொண்டு வரும். ஆயில் ஃபில்டர், டிப்ஸ்டிக், ஏர் ஃபில்டர், கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட், டீசல் வடிகட்டி இவற்றில் எதற்குக் கை போகாவிட்டாலும் அந்தச் சட்டம் தோல்விதான்; சர்வீஸ் செய்யாமல் இன்ஜினைக் கொல்லும்.

கழற்றி மாட்டும் வகைச் சட்டத்தில் அதைக் கோக்கும் பின்னின் (pin) லூஸ் ஆட்டத்தைக் கவனிக்க வேண்டும். 30 செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு பின்னில் ஒரு எம்எம் ஆட்டம் இருந்தால், இரண்டு மீட்டர் முன்னால் பக்கெட் நுனியில் அது கிட்டத்தட்ட 7 எம்எம் ஆகிவிடும். ஒவ்வொரு குலுக்கலும் சுத்தியல் அடி. 50 எம்எம் சிலிண்டர் 150 பார் அழுத்தத்தில் 3 டன் தள்ளும். அந்தச் சிலிண்டரை மாட்டும் பின் (pin) இரு காதுக்கு நடுவே நிற்க வேண்டும், ஒரு பக்கக் காதில் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பின்னைத் திரும்பவிடாமல் ஒரு தாழ்ப்பாளும், புஷ்ஷுக்கு ஒரு கிரீஸ் நிப்பிளும் இருக்கட்டும். இரண்டு தூணின் புஷ்களையும் டாக் வைக்கும்போது ஒரே நீளக் கம்பியைக் குறுக்கே கோத்து வைத்தே டாக் வைக்க வேண்டும்.

சேர்வராயன் மலைக்காரர்களுக்கு இன்னும் ஒரு விஷயம் முக்கியம். முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஊசலாடுவது. அதனால் டிராக்டர் பக்கவாட்டில் சாயாமல் தாங்குவது பின் சக்கரங்கள் இரண்டும் மட்டுமே. அந்த முளையையும் இரு பின் டயர்களையும் இணைத்தால் வரும் முக்கோணத்துக்குள் பாரமையம் இருக்கும்வரைதான் வண்டி நிற்கும். லோடரில் மண் ஏறியதும் பாரமையம் முக்கோணத்தின் குறுகிய முனைப் பக்கம் நகர்கிறது. பூமைத் தூக்கினால் உயரவும் செய்கிறது. சமதரையில் நிற்கும் அதே பாரம் சரிவில் கவிழ்வதன் காரணம் இதுதான். பக்கெட்டைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மேல் தூக்கி ஓட்டக் கூடாது. பல சின்ன டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்தில்தான். பின் அச்சில் 298 கிலோ மட்டும் இருக்கும்போது இறக்கத்தில் மிதித்தால் பின் டயர் வழுக்கும், வண்டி நிற்காது. நாலு சக்கர இழுவையைப் போட்டே இறங்க வேண்டும். நிறைந்த பக்கெட் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கும்படி, இறக்கத்தில் பின்னோக்கி இறங்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுள்ள ஏற்காடு சாலையில் லோடரை மாட்டியபடியே ஏற்றி இறக்குவதைவிட, சட்டத்தை மட்டும் வண்டியில் விட்டு பூமைக் கழற்றித் தனியே ஏற்றி அனுப்புவது நல்லது.

எதிர்ப்பாரம் இல்லாமல் லோடர் ஓட்டவே கூடாது. 45-க்கு 45 செ.மீ., 42 செ.மீ. உயரப் பெட்டியில் கான்கிரீட் போட்டால் 200 கிலோ வரும். அதை மூன்று முனை லிங்கில், பின் அச்சுக்கு 80 செ.மீ. பின்னால் தொங்கவிட்டால் பின் அச்சில் 298 கிலோ 605 ஆகும். முன் அச்சில் 107 கிலோ குறையும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இது பின் சக்கரத்துக்கு மட்டும் நன்மை இல்லை, முன் அச்சின் முதுகையும் இலேசாக்குகிறது. பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் பின் சக்கரம் கனக்கும். ஆனால் முன் அச்சில் ஒரு கிலோகூடக் குறையாது.

கோரிக்கைக்கு வருகிறோம். சட்டம் செய்து விற்கும் ஒவ்வொரு பட்டறையும் ஒரு பக்க வரைபடம் கொடுக்க வேண்டும். எந்த டிராக்டர் மாடலுக்கு, எத்தனை இடத்தில் பிடிக்கிறது, போல்ட்டின் அளவு, தரம், முறுக்கம், தேவையான எதிர்ப்பாரம், தூக்கும் உயரத்தில் அதிகபட்ச எடை, இவ்வளவும் அதில் இருந்தால் போதும். அதே எண்களைத் தூணில் ஒரு சின்னத் தகட்டில் பொறித்து ரிவெட் அடிக்கலாம். மானியத்தில் கருவி வாங்கும் விவசாயிகளுக்கு ஒப்புதல் தரும்போது வேளாண் பொறியியல் துறையினர் பக்கெட்டின் அகலத்தோடு சேர்த்துப் பின் அச்சுவரை சப்போர்ட் போயிருக்கிறதா என்றும் குனிந்து பார்க்கலாம். ஒரு டார்ச் விளக்கும் இரண்டு நிமிடமும் போதும். வண்டியின் பதிவு விவரம் மாறும்படி மாற்றம் செய்வதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும், டிராக்டர் கம்பெனியின் வாரண்டியில் லோடர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது.

ஏற்கெனவே பெல் ஹவுசிங்கில் மட்டும் மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் லோடரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தகட்டின் பின் ஓரத்தில் ஒரு காது வெல்டு செய்து, அங்கிருந்து பின் அச்சுக்கு இரண்டு சதுரக் குழாய், முன் பிராக்கெட்டுக்கு இரண்டு 60-க்கு 12 பட்டை. ஒரு நாள் வேலை. அது முடியும்வரை பக்கெட்டைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், பக்கெட்டைத் தரையில் அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கி டயர் மாற்றும் வழக்கத்தையும் நிறுத்திவைக்கவும்.

இப்படிக்கு,
லோடர் சட்டம் அடிக்கும் பட்டறைக்காரர்கள் சிலர்,
சேலம்.